அங்க அப்படித்தான்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எழுத்துப்பிழை என்பார். ஆதார் அட்டையில் இப்படித்தானே இருக்கிறது என்று காட்டினால் ஆதார் அட்டையில் பிழை என்பார். அட்டைக்கு எழுதிக் கொடுத்ததே நீங்கள்தானே என்று மேற்கொண்டு வாதாட எனக்கு ஆயுள் போதாது. ஆகவே, மாமா.

உறவு ஒன்றும் கிடையாது. முத்தியால்பேட்டையில் நாங்கள் இருக்கிற வீட்டில் கீழ்ப் போர்ஷன் அவர்களுடையது, மேல் போர்ஷன் எங்களுடையது. அதற்கும் மேலே மொட்டை மாடி, இரண்டு குடும்பத்துக்கும் பொது. பொது என்பது பத்திரத்தில். நடைமுறையில் பாதி மாடி என் தொட்டிச் செடிகளுக்கு, கால் மாடி அவர் மனைவியின் வடாம் பாய்க்கு, மிச்சமிருந்த கால் மாடி பிரான்சுக்கு.

பிரான்சு வந்த கதை இது. மாமாவின் தங்கையைக் கட்டிக்கொண்டவர் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்துப் பிள்ளை. கல்யாணம் ஆனதும் பாரிசுக்குப் பக்கத்தில் போய்க் குடியேறிவிட்டார்கள். ஒரு கோடையில் தங்கை டிக்கெட் அனுப்ப, மாமா போய்விட்டு வந்தார். இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. அங்கே அவர் பார்த்தது தங்கை வீட்டு பால்கனி, பால்கனியிலிருந்து தெரிந்த கார் நிறுத்தும் இடம், ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குத் தெரிந்தவர் தோட்டத்தில் கரி அடுப்பில் காய்கறி சுட்ட விருந்து. ஒரு நாட்டின் நாகரிகத்தை அளந்து முடிக்க இவ்வளவு போதும். நம்மில் பலர் இதைவிடக் குறைவாகப் பார்த்துவிட்டுப் பயணக் கட்டுரையே எழுதியிருக்கிறோம்.

திரும்பி வரும்போது இரண்டு சாமான் கொண்டுவந்தார். ஒன்று, மூடி போட்ட கறுப்பு உருண்டை பார்பெக்யூ அடுப்பு. இன்னொன்று, "அங்க அப்படித்தான்."

தான் செய்தது தப்பு என்று அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. இது பிரான்சு கொடுத்த குணம் இல்லை, பிறவிக் குணம். அத்தை, அதாவது அவர் மனைவி, இதை என்னிடம் தெளிவாகவே விளக்கியிருக்கிறார். "மில்லுல வேல பாக்குறப்பவே இப்படித்தான். அப்பல்லாம் ‘இதான் சரி’ன்னு சொல்வாரு, நானும் சண்ட போடுவேன். இப்ப பாரு, சாட்சிக்கு ஒரு நாட்டையே கூட்டிக்கினு வந்துட்டாரு. நான் எங்கன்னு போய் விசாரிக்கிறது?"

அடுப்புக்கு மூன்று கால். விமானத்தில் வந்த பெட்டியைப் பிரித்தபோது இரண்டுதான் இருந்தது. மூன்றாவது கால் தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டது என்பது பார்த்த எல்லோருக்கும் புரிந்தது. மாமா செங்கல்லை அடுக்கி முட்டுக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அங்க ரெண்டு காலுதான். ஒரு பக்கம் செங்கல்லு வெப்பாங்க. நெலத்தோட சம்பந்தம் இருக்கணும்னு."

அப்போதுதான் கல்லூரி முடித்து வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிற வியாதி எனக்கு உண்டு. அதனால் அந்த அடுப்பின் முதல் நாள் விழாவுக்குத் தெருவிலிருந்து போன ஒரே ரசிகை நான்தான். கத்திரி வெயில், நடுப்பகல். மாடித் தரையில் கால் வைத்தால் கோழி மாதிரி தவ்வ வேண்டியிருந்தது. காயை அடுப்பில் வைக்கவே தேவையில்லை, கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாக வைத்தாலே வெந்துவிடும்.

"சாயங்காலம் வெச்சிக்கலாமே மாமா?"

"அங்க மத்தியானம்தாம்மா."

அங்கே மத்தியானம் சட்டைமேல் சட்டை போடுவார்கள் என்று சொல்ல நினைத்தேன். நானோ அங்கே போனதில்லை. இதுதான் அந்த வாக்கியத்தின் பலம். எதிரே நிற்கிறவர் வாயை அது விமான டிக்கெட் விலைக்குக் கட்டிப்போட்டுவிடும்.

கரி, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கியது. அது பிடிக்கவில்லை. விசிறினார், ஊதினார், பழைய பேப்பர் திணித்தார். கடைசியில் கீழே போய்ப் பூஜை அலமாரியிலிருந்து கற்பூர டப்பாவை எடுத்துவந்து ஒரு கை அள்ளிப் போட்டார். ஜோதி எழுந்தது. கத்திரிக்காய், குடைமிளகாய், பீர்க்கங்காய், வெங்காயம் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிக் கம்பி வலைமேல் பரப்பி மூடியை மூடினார். வடாம் பாய்க்குக் காவலாக உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கத்திரிக்காய்க்குத் தீபாராதன காட்டுறாருடி. சேவிச்சுக்கோ."

மூடியைத் திறக்கும்போது மாமா "வுவாலா!" என்பார். இதோ பாருங்கள் என்று அர்த்தமாம். பார்த்தோம். கத்திரிக்காய் வெளியே கரி, உள்ளே பச்சை. வாயில் வைத்தால் மார்கழி மாதத்துப் பெருமாள் கோயில்.

"கற்பூர வாசன வருது மாமா."

"அங்க இந்த வாசனைக்குத்தான் தனியா காசு வாங்குறான்."

புகையைப் பார்த்துவிட்டுத் தெருப் பிள்ளைகள் தட்டோடு மேலே ஓடிவந்தார்கள். புகை வந்தால் கோழி இருக்கும் என்பது முத்தியால்பேட்டையின் அடிப்படை விஞ்ஞானம். வலைமேல் கிடந்த பீர்க்கங்காயைப் பார்த்து அவர்கள் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. ஒருவன் தைரியமாகக் கேட்டான்.

"மாமா, சிக்கன் எப்ப வரும்?"

"கோடையில அங்க சிக்கனே தொட மாட்டாங்கடா. காய்தான். இது அங்க கூர்ஜெத்துன்னு ஒரு காய், அதுக்குப் பெரியப்பா புள்ள முற."

பிள்ளைகள் காலித் தட்டோடு இறங்கிப்போனார்கள். அதற்குப் பிறகு அந்த மாடியில் எவ்வளவு புகை எழுந்தாலும் தெருவில் ஒரு தலை நிமிர்ந்ததில்லை.

வெண்டைக்காய் கம்பி வலை வழியாக ஒவ்வொன்றாக நெருப்பில் விழுந்தது. தடுக்க, தென்னங்குச்சியில் கோத்தார். குச்சி எரிந்து, கோத்தது மொத்தமும் விழுந்தது. சாம்பலிலிருந்து இடுக்கியால் ஒன்றைப் பொறுக்கி எடுத்து என் தட்டில் வைத்தார். "கீழ விழுந்ததுக்குத்தான் அங்க அடிதடி." ஒருநாள் முருங்கைக்காயை முழுசாகச் சுட்டார். மென்று முடிக்க ஒரு மணி நேரமானது, மென்று முடித்தபின் வாயில் கயிறு இருந்தது. "பல்லுக்கு எக்சர்சைசு. அங்க டாக்டரே எழுதிக் குடுக்குறான்."

அவர் சுடாத காய் ஒன்றே ஒன்றுதான், பாகற்காய். என் தொட்டியில் அது கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கும். எத்தனை முறை கொடுத்தும் இடுக்கியாலேயே தள்ளிவிட்டார். "அங்க பாகற்காயே கெடையாது. அது என் அடுப்புல ஏறக் கூடாது." அவர் பிரான்சுக்கு விசா கிடைக்காத ஒரே காய்.

மாடியோடு நின்றிருந்தால் இவரை ஒரு தமாஷ் மனிதர் என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் மில் மூடியபின் மாமா பார்த்த வேலை டைல்ஸ் கடையில் சூப்பர்வைசர் வேலை. அதாவது, வீட்டுக்கு வீடு போய் அளவு எடுப்பது. அளவு எடுக்கிறவர் தன் அளவு தப்பாது என்று நம்புகிறவராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் வீட்டுக் குளியலறையே கண்காட்சி. தரையை அவரே நின்று போடவைத்தார். சரிவு, தண்ணீர் போகும் ஓட்டையை நோக்கி இருப்பதற்குப் பதிலாகக் கதவை நோக்கி இருந்தது. ஒருவர் குளித்தால் கூடத்தில் இருப்பவர் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும்.

"அங்க பாத்ரூம் காய்ஞ்சிதான் இருக்கும். தண்ணி வெளிய வந்துடணும்."

வெளியே வந்துவிட்டது, மறுப்பதற்கில்லை. அத்தை கதவோரம் கோணிச் சாக்கைப் போட்டு வைத்தார். அந்தச் சாக்கு தினமும் பிழியப்படும்போது அத்தை முணுமுணுப்பது பிரெஞ்சு இல்லை.

இதே சூப்பர்வைசர்தான் ரெட்டியார்பாளையத்தில் ஒரு அம்மாவின் புதுச் சமையலறைக்கும் அளவெடுத்தார். சுவரில் பாதி தூரம் போனதும் டைல்ஸ் தீர்ந்துபோனது. அடுத்து வந்த பெட்டியில் நிறம் வேறு. முதல் பாதி சந்தனம், மறு பாதி மஞ்சள் காமாலை. அந்த அம்மா கடைக்கே வந்து சத்தம் போட்டிருக்கிறார். மாமா அசரவில்லை.

"அங்க எல்லா கிச்சனும் ரெண்டு ஷேடுதாங்க. ஒரே கலர்ல போட்டா ஆஸ்பத்திரியாட்டம் இருக்கும்."

"எங்கங்க?"

"அங்க."

அந்த அம்மா கணவரை இழந்தவர். ஊர்ப் பக்கம் இருந்த கொஞ்ச நிலத்தை விற்று, மகனை வைத்துக்கொண்டு கட்டிய வீடு. அந்தச் சமையலறையில் நின்று தினமும் அந்த இரண்டு நிறச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சாம்பார் வைத்தார். இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கௌசி சொன்னாள். கௌசி மாமாவின் ஒரே மகள். எங்கள் ஊர்க் கதிர்காமத்தில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. அதே லேபில் வேலை பார்க்கும் குமரனும் அவளும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்தபோது, குமரன் வீட்டில் பெண்ணின் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். முத்தியால்பேட்டை, டைல்ஸ் கடை, பிரான்சு போய்விட்டு வந்தவர்.

கரண்டி கீழே விழுந்ததாம். "அந்த ஆளா?"

உலகத்தில் இத்தனை அம்மாக்கள் இருக்க, குமரனுக்கு வாய்த்தவர் அந்தச் சமையலறைக்குச் சொந்தக்காரர்.

கௌசி மாடிக்கு வந்து என் கத்திரிச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். குமரன் அம்மாவை மீறிச் செய்கிற ஆள் இல்லை. மீறிச் செய்தால் இவளே கட்டிக்கொள்ள மாட்டாள், அதுவும் ஒரு சிக்கல். நல்லவர்களாக இருப்பதில் இப்படிச் சில அசௌகரியங்கள் உண்டு. மாதக்கணக்கில் கெஞ்சியபிறகு அந்த அம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"வைகாசியில ஒரு நல்ல நாள் பாத்து வரேன். ஒரு மணி நேரம் ஒக்காருவேன். அந்த ஆளு ‘அங்க அப்படித்தான்’னு ஒரு தடவ சொன்னாரு, எழுந்துடுவேன். அப்பறம் என்னக் கேக்காத."

ஒரு பெண்ணின் கல்யாணம் இரண்டே வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு வார்த்தையையும் மூச்சு மாதிரி விடுகிறவர் அவள் அப்பா.

கௌசி அவரிடம் நேராகவே பேசினாள். நானும் அங்கே இருந்தேன்.

"அப்பா, அன்னிக்கு ஒரு நாளு மட்டும் ‘அங்க அப்படித்தான்’னு சொல்லாதப்பா."

மாமா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நான் எப்பம்மா சொன்னேன்?"

அத்தை எழுந்து சாக்கைப் பிழியப் போய்விட்டார்.

அடுத்த சண்டை பலகாரத்தில் வந்தது. அத்தைக்குக் கேசரி, பஜ்ஜி. மாமாவுக்குப் பார்பெக்யூ. "பொண்ணு பாக்க வரவங்கள மொட்ட மாடிக்கு ஏத்தி, வெந்தும் வேகாத காயக் குடுப்பியா?" என்று அத்தை கேட்டார். எல்லோரும் ஆச்சரியப்படும்படி கௌசி அப்பா பக்கம் நின்றாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணம் சொன்னாள்.

"கூடத்துல ஒக்காந்தா அப்பா பேசுவாருடி. அடுப்பு முன்னாடி நின்னா கையில இடுக்கி இருக்கும், வாயில பொக இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டிடலாம்."

லேபில் வேலை பார்க்கிற மூளை. நான் உற்சாகமாகப் பொறுப்பேற்றேன். காய் என் தோட்டத்திலிருந்து. புகை குறையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

அன்று சாயங்காலம் வெயில் இறங்கியதும் வந்தார்கள். குமரன், அவன் அம்மா, அம்மாவின் தம்பி. தாய்மாமன் படியேறும்போதே மூச்சுவாங்கியபடி சகுனம் பார்க்கிற ரகம். அந்த அம்மா மாடிக்கு வந்ததும் முதலில் பார்த்தது தரையை. அந்த மாடியில் டைல்ஸ் இல்லை. கடவுள் இருக்கிறார்.

மாமா வெள்ளைச் சட்டை போட்டு அடுப்புமுன் நின்றிருந்தார். கும்பிட்டார். பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது. தண்ணீர் வராத குழாயைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருக்கிற பயம், எந்த நிமிஷம் பீறிட்டு வருமோ என்று.

அந்த அம்மா சும்மா உட்காரவில்லை. தூண்டில் போட்டுப் பார்த்தார்.

"எதுக்குண்ணே வெண்டக்காயக் கம்பியில குத்தி வெச்சிருக்கீங்க?"

"அ..." என்று ஆரம்பித்தார் மாமா. கௌசி என் கையைக் கிள்ளினாள். நான் கரியில் ஈரத் தேங்காய் நாரைப் போட்டேன். புகை குப்பென்று எழுந்தது. இருமி முடித்துவிட்டு, "அழகா இருக்குமேன்னுதாங்க" என்றார்.

"மூடி எதுக்கு?"

"அ..." இன்னொரு இருமல். "அணில் வந்துடும்."

மாமாவின் வாழ்க்கையிலேயே அவ்வளவு பொய்யை அவர் ஒரே நாளில் சொன்னதில்லை. அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் அவரே நம்பியது, அது கணக்கில் சேராது. நேரம் போனது. குமரன் நெற்றியில் வியர்வை, பாதி அடுப்பு, பாதி அம்மா. அத்தை கேசரியைக் கொடுத்துப் பாதி வேலையை முடித்திருந்தார். அந்த அம்மாவின் முகம்கூடக் கொஞ்சம் தளர்ந்தது. கௌசி தட்டில் சுட்ட காய்களை எடுத்துவைத்து அவரிடம் நீட்டினாள்.

தட்டைப் பார்த்தவர் வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கத்திரிக்காய்க்கும் குடைமிளகாய்க்கும் நடுவே, தயிரும் மிளகாய்த்தூளும் பூசி, ஓரம் முறுகி, வளையம் வளையமாக ஒரு காய்.

"இது இன்னா? பாகற்காயா?"

தாய்மாமன் கழுத்தை நீட்டினார். "பாகற்காயேதான்க்கா. நல்ல காரியம் பேச வந்த எடத்துல எவனாவது பாகற்காய் போடுவானா? ஒறவு கசக்கணும்னே வெச்சாங்களா?"

எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் பாகற்காய் சேர்க்க மாட்டார்கள். விருந்து இலையில்கூட வராது. கௌசிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் குமரனுக்கு அவள் தோசைக்கல்லில் சுட்டு டிபன் பாக்ஸில் கொண்டுபோகும் பாகற்காய் என்றால் உயிர். காலையில் என் தொட்டியிலிருந்து அவள்தான் பறித்தாள். அவள்தான் மசாலா தடவினாள். மாமா தாய்மாமனை வரவேற்கத் திரும்பிய நேரத்தில் அவள்தான் வலையின் ஓரத்தில் அடுக்கினாள். அவனுக்குப் பிடிக்குமே என்ற ஒரே நினைப்பில், மற்ற எல்லாம் மறந்துபோனது. காதலிக்கிறவர்களுக்கு மூளை எந்த லேபில் வேலை பார்த்தாலும் ஒன்றுதான்.

"யாரு இத வெச்சது?" அந்த அம்மாவின் குரல் ஏறவில்லை. ஏறாததுதான் பயமாக இருந்தது.

நான் கௌசியைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. இந்த வீட்டுப் பெண் முதல் நாளே கசப்பை எடுத்து நீட்டினாள் என்று ஒருமுறை பேர் விழுந்துவிட்டால் முடிந்தது. நாளைக்கு அந்த வீட்டில் பால் திரிந்தாலும் மாடு கன்று போடாவிட்டாலும் இந்தப் பாகற்காயைத்தான் எடுப்பார்கள். அதெல்லாம் கல்யாணம் நடந்தால். அவள் வாயைத் திறந்தாள்.

"நான்..."

"நான்தாங்க வெச்சேன்" என்றார் மாமா.

இடுக்கி கையில் அப்படியே நின்றது. அத்தையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாகற்காயை அடுப்புப் பக்கமே அண்டவிடாத மனிதர். அந்த அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்கத் தயாராக, அவரையே பார்த்தார். அடுத்து என்ன வரும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தேங்காய் நார் கையில் இருந்தது, போடத்தான் கை வரவில்லை.

"தப்புங்க" என்றார் மாமா. "யோசிக்காம வெச்சிட்டேன். என் தப்புதான்."

கரி மட்டும் படபடவென்று வெடித்தது. அத்தை அவரை ஏறிட்டுப் பார்த்த பார்வை இருக்கிறதே, கட்டிக்கொண்ட நாளிலிருந்து பூட்டியே இருந்த அறை ஒன்று காற்றில் தானாகத் திறந்துகொண்டதைப் பார்க்கிற பார்வை. நெற்றியைத் தொட்டு ஜுரம் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அந்தச் சொல்லை மாமா உச்சரித்த விதமே புதிதாக இருந்தது, வேற்று மொழிச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் முதல்முறை வாசிக்கிற மாதிரி.

அந்த அம்மா நாற்காலிக் கையை விடவில்லை.

"அப்ப டைல்ஸு?"

என் வாழ்க்கையில் கேட்ட மிகச் சிறந்த குறுக்கு விசாரணை அது. மாமா இதை எதிர்பார்க்கவில்லை. மகளுக்காக ஏற்றுக்கொண்டது செய்யாத தப்பு. அது சுலபம், அதில் அவர் நிஜமாகத் தப்பு செய்யவில்லையே. இது செய்த தப்பு. அவர் அடுப்பைப் பார்த்தார். மாடிச் சுவரைப் பார்த்தார். வானத்தில் ஏதாவது விமானம் போகிறதா என்றுகூடப் பார்த்திருப்பார். கடைசியில் கௌசியைப் பார்த்தார்.

"அதுவுந்தாங்க" என்றார். குரல் எங்கோ டைல்ஸ் கடை கிடங்கிலிருந்து வந்தது. "அளவு தப்பாப் போச்சு. நான் எடுத்த அளவுதான் தப்பு."

அந்த அம்மா நாற்காலிக் கையை விட்டார். கண் கலங்கியதோ, புகையோ, தெரியாது. புகைக்கு நான்தான் பொறுப்பு. பிறகு தட்டிலிருந்து ஒரு பாகற்காய் வளையத்தை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"யக்கா!" என்று அலறினார் தம்பி.

"சும்மா இருடா. கசப்ப மொதல்லயே தின்னு தீத்தாச்சு." கௌசி பக்கம் திரும்பினார். "போம்மா, சக்கர எடுத்துக்கினு வா. எல்லாரு வாயிலயும் போடு. உங்க அப்பா வாயில ரெண்டு கரண்டி போடு, பாவம், அவருக்குத்தான் ரொம்பக் கசந்திருக்கும்."

கல்யாணம் ஆவணியில் நடந்தது. அதைவிடப் பெரிய அதிசயம் அதன்பிறகு நடந்தது. ரெட்டியார்பாளையத்தில் மாமாவுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. "என் சம்பந்தி மாதிரி மனுஷன் வராது. தப்புன்னா தப்புன்னு ஒடனே ஒத்துக்குவாரு. இந்தக் காலத்துல எந்த ஆம்பள ஒத்துக்குறான்?" என்று அந்த அம்மா போகிற கல்யாணத்திலெல்லாம் சொன்னார். எங்கள் தெருவில் இதைக் கேட்டவர்களுக்குப் புரையேறியது. அத்தை மட்டும் குளியலறை வாசலில் கிடந்த சாக்கை எடுத்துப் பிழிந்தார்.

ஏனென்றால் மறுநாளே மாமா பழையபடி ஆகிவிட்டார். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாக அச்சானது, எழுதிக் கொடுத்தவர் அவர். "அங்க அரமணி நேரம் முன்ன பின்ன இருந்தாத்தான் மரியாத." அந்தச் சாயங்காலத்தைப் பற்றி மட்டும் யாரும் அவரிடம் பேசவில்லை. கௌசியும் பேசவில்லை என்றாள். பேசினால் உடைந்துவிடும் என்று ஏதோ ஒரு பயம்.

இப்போது மாமாவும் அத்தையும் அங்கேயே போய்விட்டார்கள். தங்கைக்கு முட்டியில் ஆபரேஷன், துணைக்குப் போனவர்களைத் தங்கை விடவில்லை. மாடியில் பிரான்சு இருந்த கால் பாகம் காலியாக இருக்கிறது. செங்கல் மட்டும் மிச்சம். என் தொட்டிகளை அங்கே நகர்த்தலாம் என்று ஒவ்வொரு கோடையிலும் நினைக்கிறேன், நகர்த்தவில்லை.

போன வாரம் வீடியோவில் கூப்பிட்டார். பால்கனியில் நின்றிருந்தார். பின்னால் புகை.

"மாமா, அங்க பால்கனியில அடுப்பு மூட்டக் கூடாதாமே? கௌசி சொன்னா, பக்கத்து வீட்டுக்காரங்க கம்ப்ளெயின்ட் குடுத்துட்டாங்களாமே?"

"குடுத்தான், குடுத்தான். வந்து கேட்டான். எங்க ஊர்ல அப்படித்தான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"இன்னா சுடுறீங்க?"

போனைத் திருப்பிக் காட்டினார். தயிரும் மிளகாய்த்தூளும் பூசி, வளையம் வளையமாக. நான் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"மாமா! அங்க பாகற்காயே கெடையாதுன்னீங்க?"

"சிக்னல் சரியில்ல."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததென்று தெரியவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து இடுக்கியால் அடிக்க முடியாது என்ற தைரியமாக இருக்கலாம்.

"அன்னிக்குப் பாகற்காய வெச்சது கௌசிதான மாமா? உங்களுக்குத் தெரியும் இல்ல? அப்பறம் ஏன் மாமா நீங்க தப்புன்னு சொன்னீங்க?"

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அவர் ஒரு வளையத்தைத் திருப்பிப் போட்டார். இன்னொன்றைத் திருப்பிப் போட்டார். உள்ளேயிருந்து தங்கையின் குரல், "அண்ணே, கருகுது பாரு!" என்றது. அது கருகல் இல்லை என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"எங்க ஊர்ல அப்படித்தாம்மா" என்றார்.